கடைசி முகம்

மரண அறிவித்தலுக்காக எம்மிடம் கொண்டுவரப்படும் படங்களைப் பற்றிச் சில வேளை எண்ணிப் பார்ப்பதுண்டு. எண்பது வயதிற் கண்மூடிய அன்னைக்கு, நாற்பது வயதில் ஊர் ஸ்ரூடியோவில் எடுத்த படம் வருகிறது. நிறத்தைச் சற்று வெளுப்பாக்க இயலுமா என்ற வேண்டுகோளும் கூடவே வருகிறது. குறை சொல்வதற்கில்லை. செத்த வீட்டில் முகம் பார்ப்பது எமது வழக்கம். விசாவின்றி, வழியின்றி, அந்த முகத்தைக் காணாத பிள்ளைகளே எம்மிற் பலர். ஆயினும் முதுமையும் நோயும் எழுதிச் சென்ற முகத்தை நாம் ஏன் அஞ்சுகிறோம்?

1954இல் தாமே தொடங்கிய சிறு நிறுவனத்தின் மூலம் முதற்படத்தை ஆக்கிய பிரெஞ்சு நெறியாளர் அன்யேஸ் வர்தா (1928–2019) இவ்வச்சத்தையே பல தடவை படமாக்கினார். 1962இல் வெளிவந்த 'கிளெயோ 5 முதல் 7 வரை' படத்தின் நாயகி ஓர் அழகிய பாடகி. புற்றுநோய்ப் பரிசோதனையின் முடிவுக்காகப் பாரிஸ் தெருக்களில் அலைகிறாள். குறிசொல்பவளிடமிருந்து திரும்புகையில் கண்ணாடியில் தன்னைக் கண்டு, அழகு உள்ளவரை தனக்குச் சாவில்லை எனத் தேறுகிறாள். பின்னர் பொய்முடியைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே வருகிறாள். அதுவரை பிறர் அவளைப் பார்த்தனர். இனி அவள் பிறரைப் பார்க்கிறாள். பூங்காவிற் சந்திக்கும் இளைஞன், விடுமுறை முடிந்து அல்ஜீரியப் போருக்குத் திரும்பும் சிப்பாய். சாவை அருகில் வைத்திருக்கும் இருவரும் பேருந்திற் பேசிச் செல்லும் காட்சியை எம்மவர் எளிதில் மறக்கமாட்டார்.

கற்பனை பின்னர் அவரது வீட்டுக்கே வந்தது. கணவர் ஜாக் தெமி, அவரும் நெறியாளரே, 1990 ஒக்ரோபரில் இறந்தார். தெமியின் இளமைக் காலத்தைக் கூறும் 'நாந்தின் ஜாக்கோ' 1991இல் வெளிவந்தது. அதனிடையே, நோயுற்ற அவரது தோல், நரைமயிர், கண், கை ஆகியவற்றை மிக அண்மித்து கமரா மெல்ல நகர்கிறது. தோலின் புள்ளிகள்கூட மறைக்கப்படவில்லை. இப்படிப் பார்ப்பதற்கு அன்பு மட்டும் போதாது, துணிவும் வேண்டும் என்றே எமக்குத் தோன்றுகிறது. எனினும் அந்நோய் எயிட்ஸ் என்பதை வர்தா 2008இல் வந்த படத்திலேயே வெளிப்படுத்தினார். முகத்தைக் காட்டியவர்க்கும் நோயின் பெயரைச் சொல்ல நெடுங்காலம் பிடித்தது.

2000ஆம் ஆண்டில், எழுபது வயது கடந்த நிலையில், சிறு டிஜிற்றல் கமராவை ஒரு கையிற் பிடித்து மறுகையின் சுருக்கங்களைப் படமெடுத்தார். அக்கை தமக்கே பழக்கமற்றதாய்த் தோன்றியதையும் அவர் ஒளிக்கவில்லை.

ஒரு முறை, மகன் ஒருவர் வைத்தியசாலைக் கட்டிலில் எடுத்த தாயாரின் படத்தைக் கொண்டுவந்தார். மூக்கிற் குழாய், ஒட்டிய கன்னம்.

"ஆறு மாதம் நான் பார்த்த முகம் இதுதான் ஐயா" என்றார்.

கனடாவிலிருந்து தமக்கையார் தொலைபேசியில் அழுது மறுத்தார். ஈற்றில் பழைய ஸ்ரூடியோப் படமே அச்சாகியது. மற்றதை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.