கொடைக்கானல் குளிரும் ஒரு ட்யூப்லைட்டும்!

டிசம்பர் ராத்திரி. கொடைக்கானல் நாயுடுபுரத்துல ஃப்ரெண்டு வீடு. ஸ்வெட்டர், மங்கி கேப், கம்பளி எல்லாம் போட்டும் பல்லு தந்தியடிக்குது. வராந்தா ட்யூப்லைட்டும் அழுது வடிஞ்சுக்கிட்டு இருந்தது. 'சோக்கை மாத்தணும் தாத்தா'னு இன்ஜினீயர் கெத்துல சொன்னேன். 'சோக்கு புதுசுதான் தம்பி. குளிர்னா அது அப்படித்தான் எரியும்'னு சிரிச்சார் ஃப்ரெண்டோட தாத்தா.

தாத்தா சொன்னது நூத்துக்கு நூறு கரெக்ட்! ட்யூப்லைட்டுக்குள்ள ஆர்கான் வாயுவும் துளியூண்டு பாதரசமும் இருக்கு. கரன்ட் பாய்ஞ்சதும் அது பிளாஸ்மா ஆயிடும். அதுவும் 'குறைவெப்ப பிளாஸ்மா'. எலெக்ட்ரான்களோட வெப்பநிலை சுமார் 11,000 டிகிரி. சூரியனோட மேற்பரப்பைவிட கிட்டத்தட்ட டபுள்! ஆனா, வாயு 40 டிகிரி வாக்கில்தான் இருக்கும். லேசான எலெக்ட்ரான், கனமான அணு மேல மோதினா சூடு கைமாறுறது ரொம்பக் கம்மி. அதான் தொட்டா சுடறதில்லை.

அடி வாங்கின பாதரச அணு, 253.7 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை வெளியிடும். குழாயோட உள்பக்க வெள்ளைப் பூச்சுதான் அதை வெளிச்சமா மாத்துது. குளிர்ல பாதரசம் ஆவியாகறது குறையும். கதிரும் குறையும். வராந்தா மங்கும்!

இப்போ முக்கியமான மேட்டர். பாதரசம் எந்தக் கதிரை வெளியிடுதோ, அதையே விழுங்கவும் செய்யும். பாதரச ஆவிக்கு நிறமோ வாசனையோ கிடையாது. ஆனா, இந்தக் கதிர்கிட்ட மட்டும் ஒளிய முடியாது. எவ்வளவு கதிர் காணாமப் போச்சுனு அளந்தா, எவ்வளவு பாதரசம்னு தெரிஞ்சுடும்.

கொடைக்கானலுக்கு இந்த டெக்னிக் ரொம்பவே தேவைப்பட்டது. இங்கே இருந்த ஹிந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் ஆலையோட பாதரசக் கண்ணாடிக் கழிவுகள், 2001-ல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில இருந்தது அம்பலமாச்சு. அந்த மார்ச்லேயே ஆலைக்குப் பூட்டு. ஹைதராபாத் அரசு ஆய்வு மைய விஞ்ஞானிகள், ஆலையைச் சுற்றியிருந்த பாசிகளைச் சேகரிச்சு இந்த முறையில சோதிச்சாங்க. 2003-ல் வந்த ரிசல்ட்... பாசிக்குள்ள பாதரசம்! காத்துல கலந்தது அங்கே வந்து மாட்டியிருந்தது.

அதே வருஷம் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறிச்சு. 'தொழிலாளர் உடம்புக்கு பாதிப்பில்லை' என்பது கம்பெனியோட வாதம். நரம்பும் சிறுநீரகமும் கெட்டுப்போச்சுனு தொழிலாளர்கள் வருஷக்கணக்கா போராடினாங்க. 2016-ல்தான் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்காக ஒப்பந்தம் கையெழுத்தாச்சு.

மறுநாள் காலையில, தாத்தா வீட்டு மதில்ல பச்சைப் பசேல்னு பாசி. முதல்நாள் அது மேல சாய்ஞ்சு போட்டோ எடுத்தவன்தான் நான். இப்ப அதைப் பார்க்கிற பார்வையே மாறிடுச்சு.

ஃபியூஸ் போன ட்யூப்லைட்டை வெச்சு ஹாஸ்டல் காரிடார்ல வாள்சண்டை போடுற மகாவீரர்களே... ஒவ்வொண்ணுக்குள்ளேயும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கு. 2027-க்குள்ள இந்த விளக்குகளோட உற்பத்தியை நிறுத்தணும்னு 2023-லேயே உலக நாடுகள் முடிவெடுத்தாச்சு. அதுவரைக்கும் உடைக்காம, முழுசா வார்டன்கிட்ட ஒப்படைங்க. உடைஞ்சா ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு வெளியே ஓடிடுங்க பாஸ்!