பூனை லாந்தருக்கு என்ன வயசு?

போன அக்டோபரில், பென்சில்வேனியாவில் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு பழம்பொருள் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு கடையில், கண்ணாடி அலமாரிக்குள் காகித லாந்தர் ஒன்று உட்கார்ந்திருந்தது. கறுப்புப் பூனைத் தலை, பச்சைக் கண், சிவப்பு வாய். இடது காது மட்டும் கொஞ்சம் கோணல். 'ஜெர்மனி, 1920கள்' என்று சீட்டு. விலை 425 டாலர்.

அந்தக் காதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நான் செய்த பூனை! வெயிலில் காய வைத்துவிட்டு மறந்துபோனதில் வளைந்த காது அது. "பூனைதானே, பரவாயில்ல" என்று விட்டுவிட்டேன். 2019ல் 60 டாலருக்கு விற்றது.

அட, ஹாலோவீன் விளக்குன்னா பூசணிக்காய்தானே, இது என்ன காகிதத்தில் என்று நீங்கள் கேட்கலாம். நானும் இந்த ஊருக்கு வந்து பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்கக் குழந்தைகள் கையில் பிடித்துப் போன விளக்குகளில் பல, ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தவை. அட்டையையும் காகிதக் கூழையும் அச்சில் அழுத்தி, வண்ணம் பூசி, கண்ணுக்கும் வாய்க்கும் பின்னால் மெல்லிய வண்ணத் தாள் ஒட்டுவார்கள். மேலே கம்பிப் பிடி, உள்ளே மெழுகுவர்த்திக்கு ஒரு சின்னக் குப்பி. வேடிக்கை என்னவென்றால், செய்து அனுப்பிய ஜெர்மானியர்கள் அப்போது ஹாலோவீன் கொண்டாடியதே இல்லை. நம்ம சிவகாசியில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அச்சடித்த மாதிரிதான்.

முதல் உலகப் போரில் ஜெர்மன் சரக்கு நின்றது. அமெரிக்கக் கம்பெனிகள் கையில் வியாபாரம் பெருகியது. மாசசூசெட்ஸின் டெனிசன் கம்பெனி 1909லேயே ஹாலோவீன் அலங்காரத்துக்கென்று 'போகி புக்' என்ற புத்தகம் போட்டது. எங்கள் பென்சில்வேனியாவின் பைசில் கம்பெனி, மடித்து நிறுத்துகிற அட்டை லாந்தர்களைச் செய்தது. 1940, 50களில் முட்டை வைக்கிற அட்டை மாதிரிக் கூழில் தடிமனாக வந்தன. அப்புறம் பிளாஸ்டிக் வந்தது, கதை முடிந்தது.

இவை ஏன் இவ்வளவு அபூர்வம் என்று யோசித்தால் பதில் சுலபம். காகிதத்துக்குள் மெழுகுவர்த்தி! பாதி, எரிந்தே போயிருக்கும். மீதியைக் காலையில் குப்பையில் போட்டிருப்பார்கள். தப்பிப் பிழைத்தவற்றுக்கு இன்று சேகரிப்பாளர்கள் நூற்றுக்கணக்கில் கொடுக்கிறார்கள், சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கில். அவ்வளவு முடியாதவர்களுக்காக, பழைய சாயலில் கையால் செய்து கொடுக்க என்னைப் போலச் சிலர் இருக்கிறோம்.

நான் இதில் இறங்கக் காரணம் கொலு. அம்மா கொடுத்தனுப்பிய காகிதக் கூழ் செட்டியார் பொம்மைக்கு விமானத்தில் மூக்கு உடைந்துவிட்டது. அதை ஒட்டப் போய், காகிதத்தை ஊறவைத்து அரைத்து, மைதாப் பசை காய்ச்சிக் கற்றுக்கொண்டேன். ஊரில் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். நான் இரண்டு சொட்டு கிராம்புத் தைலம் விடுகிறேன், வீடே பல் டாக்டர் ஆஸ்பத்திரி மாதிரி மணக்கும். செட்டியாருக்கு மூக்கு வந்தது. மிஞ்சிய கூழில் பெண்ணுக்காக ஒரு பூசணித் தலை செய்தேன். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி ஒன்று கேட்டாள். அப்படியே வளர்ந்தது.

களிமண்ணில் முகம் பிடித்து, அதன்மேல் எட்டு அடுக்குக் காகிதம். ஒவ்வொரு இரண்டு அடுக்குக்கும் ஒரு நாள் காயவேண்டும். அவசரப்பட்டால் உள்ளே பூஞ்சை. பிறகு இரண்டாக அறுத்து, மண்ணை எடுத்து, மறுபடி ஒட்டி, கண் வெட்டி, வண்ணம். கடைசியில் 'வயசு' ஏற்றும் வேலை. டிகாக்ஷனைத் துணியில் தொட்டு ஓரங்களில் தேய்ப்பேன். உள்ளே மெழுகுவர்த்திப் புகை கொஞ்சம் காட்டுவேன். சேகரிப்பவர்களுக்கு அந்தப் புகைக்கறை ரொம்பப் பிடிக்கும். ஏற்றுவதற்கு மட்டும் பேட்டரி விளக்குதான்.

சந்தைக்கு வருகிறேன். எழுபது வயதிருக்கும் ஒரு அம்மாள் அந்தப் பூனையைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டி வீட்டில் இதே மாதிரி ஒன்று இருந்ததாம். செக் புத்தகத்தை வெளியே எடுத்துவிட்டார்.

வாயை மூடிக்கொண்டு வந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் பெண் என் கையைக் கிள்ளினாள். "மன்னிக்கணும், இது நான் செஞ்சது" என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். திருப்பிக் காட்டினார். நான் கையெழுத்துப் போட்ட இடத்தை யாரோ கத்தியால் சுரண்டி, மேலே பழுப்பு பூசியிருந்தார்கள். "கண்ணில் புற ஊதா டார்ச் அடிச்சுப் பாருங்க" என்றேன். 1950க்குப் பிறகு வந்த வெள்ளைத் தாள்களில் பலவற்றில் பளிச்சிட வைக்கும் ரசாயனம் உண்டு, அந்த ஒளியில் நீலமாக மின்னும். மின்னியது. அவர் அசரவில்லை. "பழைய லாந்தர்ல கண் கிழிஞ்சா மாத்துறது வழக்கம்தானே" என்றார். அதுவும் நியாயம்தான்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. உள் அடுக்குக்கு நான் போடுவது தினசரிக் காலண்டர் தாள். மாமியார் ஊரிலிருந்து கொண்டு வருவார், கிழிக்கிற தாளையெல்லாம் சேர்த்து வைப்பேன். மெழுகுவர்த்திக் குப்பியைக் கழற்றச் சொன்னேன். அடியில் வண்ணம் படாத வட்டத்தில், தமிழில்: புதன்கிழமை, 2018 நவம்பர், ராகு காலம் 12 - 1.30.

நான் படித்துக் காட்டியதும் கடைக்காரர் முகம் வெளுத்தது. யாரோ வீட்டுச் சாமான் விற்றபோது தானே 250 டாலர் கொடுத்து வாங்கியதாகச் சொன்னார். பொய் என்று தோன்றவில்லை. சீட்டை எடுத்துவிட்டார். அந்த அம்மாள் எதுவும் பேசாமல் செக் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். போகும்போது பூனையை ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

காரில் வரும்போது நான் பொருமிக்கொண்டே வந்தேன், சுரண்டினவன் விளங்குவானா என்று. பெண் பின் சீட்டிலிருந்து கேட்டாள்: "ஆனா அம்மா, பழசு மாதிரி ஏமாத்தினது முதல்ல நீதானே?"

இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். நான் "அது வேற, இது வேற" என்றேன். எப்படி வேற என்று வீடு வந்து சேரும்வரை சொல்லத் தெரியவில்லை.

டிகாக்ஷன் பூசுவதை நான் நிறுத்தவில்லை. பூசாவிட்டால் அது வெறும் பொம்மை. ஆனால் இப்போது கையெழுத்தும் வருஷமும் அடியில் மட்டும் இல்லை, நாலாவது அடுக்கிலும் எழுதுகிறேன். உள்பக்கம் பின்சுவரில் ஒரு காலண்டர் தாளை வண்ணமே பூசாமல் விடுகிறேன். விளக்கை ஏற்றினால் கண் வழியாகவே தேதி தெரியும். சிலருக்கு இது பிடிக்கவில்லை. கடை வைத்திருக்கும் ஒருவர், "அந்தத் தாள் இல்லாமல் ஆறு கிடைக்குமா, விலை கூடத் தருகிறேன்" என்று கேட்டார். ஆறு லாந்தர் என்றால் எனக்கு இரண்டு மாத வேலை, பெண்ணின் வயலின் வகுப்புக் கட்டணம். முடியாது என்று எழுதிவிட்டேன்.

இப்போது பேஸ்மென்டில் மூன்று பூனையும் ஒரு பிசாசுத் தலையும் காய்கின்றன. காலண்டர் தாள்தான் தீர்ந்துபோச்சு. தை மாசம் மாமியார் வருகிறார், மறக்காமல் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.