பாட்டு போட்டார், பாட்டரி போச்சு!

காருக்கு ஸ்டீரியோ மாட்டுகிறவர்களே, உஷார்!

திங்கட்கிழமை விடியற்காலை. சென்னை விமான நிலையத்துக்கு ஒரு சவாரி. வாடகைக் கார் டிரைவர் ஒருவர் குளித்து, திருநீறு பூசி, வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினார். "டொக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்! வண்டி அசையவில்லை. சவாரி போச்சு! அன்றைய முதல் கூலியும் போச்சு!

வெள்ளிக்கிழமை மாலைதான் புது ஸ்டீரியோவும், டிக்கியில் ஆம்ப்ளிபயரும் மாட்டியிருந்தார். சனி, ஞாயிறு ஊரில் கல்யாணம். வண்டி வாசலிலேயே நின்றது. நின்ற வண்டியில் பாட்டரி எப்படித் தீர்ந்தது?

"பாட்டரி அவுட்டு! புதுசு போட்டுடுங்க" என்றார்கள் அக்கம்பக்கத்தார். பக்கத்து வண்டி பாட்டரியில் இருந்து ஒயர் கொடுத்து எப்படியோ ஸ்டார்ட் செய்து, அண்ணா சாலையில் இருந்து பிரியும் ஜி.பி.ரோட்டுக்கு ஓட்டி வந்தார். காருக்கு ஹாரன், சீட் கவர், ஸ்டீரியோ மாட்டும் கடைகள் நிறைந்த ரோடு அது.

"தம்பி, புது பாட்டரி என்ன விலை?"

"அவசரப்படாதீங்கண்ணே. பாட்டரி மேலே பழி போடாதீங்க. முதல்லே ஒயரைப் பார்ப்போம்" என்றார் இளம் எலக்ட்ரீசியன்.

திருடன் சிக்கினான்!

சாவியை எடுத்துவிட்டு டிக்கியைத் திறந்தார். ஆம்ப்ளிபயரில் சின்ன விளக்கு எரிந்து கொண்டிருந்தது. திருடன் அதுதான்!

ஸ்டீரியோவில் இருந்து வரும் நீல ஒயர்தான் ஆம்ப்ளிபயரை "எழுந்திரு, தூங்கு" என்று ஏவும் ஒயர். அதை ஸ்டீரியோவில் சேர்க்காமல், எப்போதும் கரண்ட் இருக்கும் ஒயரில் முடிந்து விட்டிருந்தார்கள். பாட்டு நின்றாலும் ஆம்ப்ளிபயர் தூங்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். அது சும்மா இருந்தே அரை ஆம்பியர் குடித்தால், ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர். வெள்ளி மாலையில் இருந்து திங்கள் காலை வரை 60 மணி நேரம். 30 ஆம்பியர்-அவர் காலி! சின்னக் காரின் பாட்டரியே 35 ஆம்பியர்-அவர்தான்.

மஞ்சளும் சிவப்பும்

பெரும்பாலான ஸ்டீரியோக்களில் மஞ்சள் ஒயர் நேரே பாட்டரிக்குப் போக வேண்டும். சிவப்பு, சாவி திருகினால் மட்டும் கரண்ட் வரும் இடத்துக்கு. கறுப்பு, பாடிக்கு எர்த்.

மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி பாட்டரியில் கொடுத்தால், சாவியை எடுத்தாலும் ஸ்டீரியோ அணையாது. இரண்டும் இடம் மாறினால், சாவியை எடுத்ததும் கடிகாரமும், பிடித்து வைத்த ஸ்டேஷனும் மறந்து போகும்.

கண்டுபிடிப்பது எப்படி?

சாவியை எடுத்து, எல்லா விளக்கையும் அணைத்து, பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றி, நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்துப் பார்க்க வேண்டும். அரை மணி கழித்தும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் சந்தேகம்தான். பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் முள் இறங்குகிறதோ, அங்கேதான் கோளாறு. மீட்டர் நடுவில் இருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது!

ஆக்சிலேட்டரை மிதித்தால் பாட்டோடு சேர்ந்து "ஊய்ய்ய்" என்று கத்துகிறதா? எர்த் சரியில்லை. பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பாட்டு வரும் ஒயரையும் பாட்டரி ஒயரையும் ஒன்றாகக் கட்டாமல், ஆளுக்கு ஒரு பக்கமாகக் கொண்டு போக வேண்டும்.

பியூஸில் விளையாடாதீர்!

பியூஸ் அடிக்கடி போகிறது என்று 10 ஆம்பியருக்குப் பதில் 30 ஆம்பியர் செருகுபவர்கள் உண்டு. சிலர் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி வைக்கிறார்கள். உயிரோடு விளையாட்டு! அப்புறம் பியூஸ் எரியாது, ஒயர் எரியும். ஒயரைத் தொடர்ந்து சீட், சீட்டைத் தொடர்ந்து வண்டி!

ஆம்ப்ளிபயருக்குப் போகும் தடி ஒயருக்கு, பாட்டரியில் இருந்து ஒன்றரை அடிக்குள் தனி பியூஸ் கட்டாயம் வேண்டும். பானட் சூட்டில் இன்சுலேஷன் டேப்பின் பசை இளகிவிடும். எனவே மூட்டுகளில் ஈயப் பற்று வைத்து, உறை போடுவதே பத்திரம்.

ஜி.பி.ரோட்டில் நீல ஒயர் தன் இடத்துக்குப் போயிற்று. விளக்கு அணைந்தது. சார்ஜ் ஏற்றியதும் பழைய பாட்டரியே எழுந்து உட்கார்ந்தது. புதுசு வாங்கும் செலவு மிச்சம்!

"அடிக்கடி இப்படித் தீர்ந்து போனா, நல்ல பாட்டரியும் சீக்கிரம் செத்துடும்ணே. ஸ்டீரியோ மாட்டினதும் சாவியை எடுத்துட்டு, எல்லா விளக்கும் அணையுதான்னு அங்கேயே நின்னு பாருங்க" என்றார் எலக்ட்ரீசியன்.

டிரைவர் பாட்டைப் போட்டார். நிறுத்தினார். சாவியை எடுத்தார். டிக்கியைத் திறந்து ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அப்புறம்தான் கிளம்பினார், அடுத்த சவாரிக்கு!