முதல் மாத்திரைக்கு முன்னால் ஒரு டப்பா சிறுநீர்!

'ரெண்டு நாளா ஒரே சூடு டாக்டர்...' என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். குறிப்பாகப் பெண்கள். ஒண்ணுக்குப் போனால் எரிகிறது, போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிஷமே மறுபடி வருகிற மாதிரி இருக்கிறது, போய் உட்கார்ந்தால் நாலு சொட்டு... இதையெல்லாம் விவரமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, மொத்தத்தையும் 'சூடு' என்ற ஒரே வார்த்தைக்குள் அடக்கிவிடுவார்கள். அதற்குள் வீட்டு வைத்தியம் ஒரு சுற்று முடிந்திருக்கும். இளநீர், பார்லித் தண்ணீர், கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு, தொப்புளில் விளக்கெண்ணெய். கூடவே, போன வருஷம் இதே மாதிரி வந்தபோது வாங்கி மிச்சம் வைத்த இரண்டு மாத்திரைகளும் உள்ளே போயிருக்கும்.

இளநீராலும் விளக்கெண்ணெயாலும் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை. அந்த இரண்டு மாத்திரைதான் வம்பு! ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

'சூடு' என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சித்திரை வெயிலில் அலைந்துவிட்டு வருகிறீர்கள். உடம்புத் தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போய்விட, சிறுநீர் அளவு குறைந்து, கெட்டியாகி, அடர் மஞ்சளாக இறங்குகிறது. அந்தக் கெட்டிச் சிறுநீரே சுருக்கென்று குத்தும். இதில் கிருமி எதுவும் இல்லை. இரண்டு சொம்பு தண்ணீரும் கொஞ்சம் நீர்மோரும் உள்ளே போய், சிறுநீர் தெளிவாக வர ஆரம்பித்ததும் எரிச்சல் அடங்கிவிடும். இளநீருக்கு நல்ல பெயர் கிடைத்தது இப்படித்தான். ஆனால் சிறுநீர் தெளிந்த பிறகும் எரிகிறது, அடிவயிறு கனக்கிறது, கால் மணிக்கொருதரம் ஓடவேண்டியிருக்கிறது என்றால் அது வெயில் சூடு இல்லை. நீர்ப்பையில் கிருமி புகுந்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இந்தக் கிருமி எங்கிருந்து வருகிறது? 'ஊருக்குப் போனப்ப பஸ் ஸ்டாண்டு டாய்லெட்டுல ஒட்டிக்கிச்சு' என்று பலரும் உறுதியாகச் சொல்வார்கள். பெரும்பாலும் அது வீண்பழி. நீர்க்கடுப்பு உண்டாக்கும் கிருமிகளில் 100-க்கு 75-க்கும் மேல் ஈ.கோலை என்ற ஒரே வகைதான். 1885-ல் தியோடர் எஷரிக் என்ற குழந்தை வைத்தியர் இதைக் கண்டுபிடித்தது கைக்குழந்தைகளின் மலத்தில்! நம் எல்லோருடைய குடலிலும் சாதுவாகக் குடியிருக்கிற கிருமி அது. ஆசனவாயிலிருந்து முன்பக்கம் நகர்ந்து, சிறுநீர்க் குழாய்க்குள் ஏறிவிட்டால்தான் வில்லனாகிறது. ஆண்களுக்கு அந்தக் குழாய் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். பெண்களுக்கு வெறும் 4 சென்டிமீட்டர். கிருமிக்கு அது நாலு எட்டு நடைதான். பெண்களில் பாதிப் பேருக்காவது ஆயுளில் ஒரு தடவை இது வந்துவிடுவதற்குக் காரணம் அசுத்தம் இல்லை, உடம்பின் அமைப்பு. இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

அந்த பஸ் ஸ்டாண்டு டாய்லெட் வேறு விதத்தில் குற்றவாளிதான். அதற்குப் பயந்துகொண்டு காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல், சாயங்காலம் வீடு வரும்வரை அடக்கிக்கொண்டிருக்கிறார்களே, அதுதான் கிருமிக்குக் கொண்டாட்டம். தேங்கி நிற்கும் சிறுநீரில் அது சாவகாசமாகப் பெருகும். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை பிரித்துப் போடுகிற பெண்கள், பஸ் ஏறி இறங்கும் ஆசிரியைகள், பள்ளிக்கூட டாய்லெட்டைப் பார்த்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிற மாணவிகள் எல்லோரும் இந்தக் கதைதான் சொல்வார்கள். கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்தது. டாய்லெட் போக ஐந்து நிமிஷம் கேட்பதற்குத்தான் இன்னும் தயங்குகிறார்கள்!

தண்ணீர் குடிப்பது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2018-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேரை வழக்கத்தைவிடத் தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் மற்றவர்களுக்குச் சராசரியாக 3.2 தடவை வந்த தொல்லை, கூடுதலாகக் குடித்தவர்களுக்கு 1.7 தடவைதான் வந்தது. கிட்டத்தட்ட பாதி! (இதய பலவீனத்துக்காகவோ கிட்னிக் கோளாறுக்காகவோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் இதைப் படித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிவிட வேண்டாம்.)

சரி, டாக்டரிடம் போயாகிவிட்டது. இளவயதுப் பெண், ஜுரம் இல்லை, கர்ப்பம் இல்லை, எப்போதோ ஒரு தடவை வருகிற நீர்க்கடுப்பு என்றால் அவர் சோதனை எதுவும் இல்லாமலே மாத்திரை எழுதலாம். தப்பில்லை. ஆனால் திரும்பத் திரும்ப வருகிறது, மாத்திரை போட்டும் போகவில்லை, கூடவே ஜுரம் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, கர்ப்பிணி, ஆண், குழந்தை... இவர்களில் யாராக இருந்தாலும் முதல் மாத்திரை வாய்க்குள் போவதற்கு முன்பே கல்ச்சர் சோதனைக்குச் சிறுநீர் கொடுத்துவிட வேண்டும். முன்பே என்பதுதான் முக்கியம். மிச்ச மாத்திரை இரண்டைப் போட்டுக்கொண்டு லேபுக்குப் போனால், கிருமி சாகாமல் மயங்கிக் கிடக்கும். லேபில் வளராது. ரிப்போர்ட்டில் 'நோ குரோத்' என்று வரும். நாலு நாளில் அது எழுந்து உட்கார்ந்து மறுபடி ஆட்டம் போடும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

சிறுநீர் பிடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. லேபில் கொடுக்கும் மூடி போட்ட சுத்தமான டப்பாவில்தான் பிடிக்க வேண்டும். வீட்டிலிருக்கும் டானிக் பாட்டில் உதவாது. பிறப்புறுப்பை வெறும் தண்ணீரால் கழுவிக்கொள்ளுங்கள். டெட்டால் வேண்டாம். பெண்கள் உதடுகளை விலக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் வருவதைக் கீழே விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் டப்பாவில் பிடிக்க வேண்டும். டப்பாவின் உள்பக்கம் விரல் படக்கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிடுங்கள். முடியாதென்றால் ஒரு கவரில் கட்டி ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் அல்ல. ஸ்கூட்டர் டிக்கியில் இரண்டு மணி நேரம் வெந்த சிறுநீரில் எல்லாக் கிருமியும் பெருகிக் கிடக்கும்!

அன்றைக்கே கிடைப்பது சாதாரண யூரின் ரிப்போர்ட். அதில் 'பஸ் செல்ஸ்' என்றிருப்பது சீழ் அணுக்கள். இரண்டு, மூன்று இருந்தால் பயமில்லை. பத்து, இருபது, 'பிளென்டி' என்று இருந்தால் உள்ளே சண்டை நடக்கிறது என்று அர்த்தம். பக்கத்திலேயே 'எபிதீலியல் செல்ஸ்' என்பதும் ஏராளமாக இருந்தால், பிடித்த விதம் சரியில்லை, தோலில் இருந்ததெல்லாம் கலந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். திரும்பப் பிடித்துக் கொடுப்பதே நல்லது.

கல்ச்சர் ரிப்போர்ட் வர ஒன்று அல்லது இரண்டு நாளாகும். அதில் ஒரு மில்லியில் 1,00,000 என்ற எண்ணிக்கையைப் பார்த்து மிரண்டு போகிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கை 1950-களில் வகுத்தவர் எட்வர்ட் காஸ் என்ற அமெரிக்க டாக்டர். அதற்கு மேலே போனால், தோலிலிருந்து கலந்தது அல்ல, நிஜமான தொற்றுதான் என்பது பொது விதி. தொல்லை இருக்கிறவருக்கு இதைவிடக் குறைவாக வந்தாலும் டாக்டர் விட்டுவிட மாட்டார். கீழே மருந்துகளின் பட்டியல் இருக்கும். 'எஸ்' போட்டிருந்தால் கேட்கும், 'ஆர்' போட்டிருந்தால் கேட்காது. அதற்காக 'எஸ்' போட்ட மருந்தில் ஒன்றைப் பொறுக்கி நீங்களே கடையில் வாங்கிவிடாதீர்கள். அதில் பாதி, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் போடவேண்டிய ஊசியாக இருக்கும்.

சீழ் அணுக்கள் நிறைய, மாத்திரையும் போடவில்லை, ஆனாலும் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. இப்படி இரண்டு மூன்று தடவை வந்தால் அலட்சியம் வேண்டாம். கல்லாக இருக்கலாம். நம் நாட்டில் கிட்னி டி.பி.யையும் நினைத்துப் பார்க்க வேண்டும். டி.பி. கிருமி சாதாரண கல்ச்சரில் முளைக்காது. அதற்கென்று காலைச் சிறுநீரைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

மருந்து விஷயத்துக்கு வருவோம். சிப்ரோஃபிளாக்சசின், நார்ஃபிளாக்சசின் இரண்டும் ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதப்பட்டவை. இன்றைக்கு நம் நாட்டு ஈ.கோலைகளில் பெரும்பகுதி அவற்றுக்கு மசிவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆண்டறிக்கைகள் இதைத்தான் காட்டுகின்றன. காரணம் வேறு யார்? இரண்டு மாத்திரை போட்டு, எரிச்சல் நின்றதும் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த தடவைக்கு எடுத்து வைத்தவர்களுக்கும், சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுத்த கடைக்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு. மாத்திரை அட்டையில் நீளமாகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது என்று அர்த்தம்.

இப்போது சாதாரண நீர்ப்பைத் தொற்றுக்கு முதலில் நினைக்கப்படுவது நைட்ரோஃபுரான்டாயின். பழைய மருந்துதான், ஆனால் இன்னும் வேலை செய்கிறது. வழக்கமாக ஐந்து நாள், சாப்பாட்டோடு. சிறுநீர் காப்பி நிறத்தில்கூடப் போகும், பயப்பட வேண்டாம். ஃபாஸ்ஃபோமைசின் என்ற தூளைத் தண்ணீரில் கலந்து ஒரே வேளை குடிப்பதும் உண்டு. எரிச்சலுக்குக் கொடுக்கும் இனிப்பு சிரப், சிறுநீரின் புளிப்பை மாற்றிச் சுகம் தரும், கிருமியைக் கொல்லாது. நைட்ரோஃபுரான்டாயினுக்கு அந்தப் புளிப்பு வேண்டும் என்பதால் இரண்டையும் நீங்களாகச் சேர்த்துச் சாப்பிடாதீர்கள்.

குளிர் ஜுரம், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி... இப்படி ஏதாவது சேர்ந்தால் கிருமி கிட்னிக்கு ஏறிவிட்டது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாளைக் காலை வரை காத்திருக்கக் கூடாது.

கர்ப்பிணிகளுக்கு எரிச்சல், கடுப்பு எதுவுமே இல்லாமல்கூட சிறுநீரில் கிருமி இருக்கும். விட்டுவிட்டால் கிட்னிக்கு ஏறும், குறைப்பிரசவம்கூட ஆகலாம். அதனால்தான் ஆரம்ப மாதங்களிலேயே ஒரு கல்ச்சர் பார்க்கச் சொல்வது. அதற்கு நேர்மாறு, குழாய் போட்டுப் படுக்கையில் இருக்கும் பெரியவர்கள். குழாய் இருக்கிறவரை கல்ச்சரில் ஏதாவது வளர்ந்துகொண்டேதான் இருக்கும். ஜுரமும் தொல்லையும் இல்லாவிட்டால் ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை.

கைக்குழந்தைக்குச் சளி இல்லை, இருமல் இல்லை, ஆனால் ஜுரம் மட்டும் விடவில்லை என்றால் சிறுநீரைச் சோதித்தே ஆகவேண்டும். 'எரியுது' என்று அதற்குச் சொல்லத் தெரியாது. சில குழந்தைகளுக்குச் சிறுநீர் நீர்ப்பையிலிருந்து மேல்நோக்கிக் கிட்னிக்கே திரும்பிப் போகும் கோளாறு பிறவியிலேயே இருக்கும். கண்டுபிடிக்காமல் ஜுர மருந்தே கொடுத்துக்கொண்டிருந்தால், கிட்னியில் தழும்பு விழுந்துவிடும்.

ஐம்பது தாண்டிய ஆண்களுக்கு வந்தால் பிராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை நெருக்குகிறதா, போய் முடித்த பிறகும் நீர்ப்பையில் சிறுநீர் தங்குகிறதா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். தேக்கத்தைச் சரி செய்யாமல் கிருமியை மட்டும் விரட்டினால் திரும்பத் திரும்ப வரும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அடிக்கடி வந்தால், உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் நல்ல பலன் தருகிறது. கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு தனி வார்த்தை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. நல்ல மருந்துகள்தான். ஆனால் அந்த இனிப்புக்குக் காளான் தொற்று வந்து சேரும். இதில் அரிப்புதான் அதிகம். வெளிப்பக்கத் தோல் சிவந்து, சிறுநீர் பட்டால் எரியும், வெள்ளையாகப் படியும். ஆண்களுக்கு முன்தோல் வெடிக்கும். இதை நீர்க்கடுப்பு என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் போட்டால் காளான் இன்னும் செழிக்கும். தேவை காளான் மருந்து. சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, எரிச்சலே இல்லாத ஒன்று. வலியில்லை, கடுப்பில்லை, ஒரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. மறுநாள் தானாகத் தெளிந்துவிடுகிறது. பீட்ரூட் சாப்பிட்டிருந்தாலும், டி.பி.க்கு ரிஃபாம்பிசின் எடுத்துக்கொண்டிருந்தாலும் அப்படி நிறம் மாறும். இரண்டும் இல்லையென்றால், 'அதான் சரியாப் போச்சே' என்று விட்டுவிடாதீர்கள். நடுவயது தாண்டியவர், அதிலும் பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர் என்றால், நீர்ப்பைப் புற்றுநோய் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகுதான் நிம்மதியாக இருக்கலாம். யூராலஜிஸ்ட் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, சிறுநீர் வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டு நீர்ப்பைக்குள் பார்ப்பார். பலருக்கு மரத்துப்போகும் ஜெல்லி தடவியே செய்துவிடுகிறார்கள். சில நிமிஷ வேலை. அன்றைக்கே வீடு திரும்பலாம். ஓரிரு நாள் ஒண்ணுக்குப் போகும்போது லேசாக எரியும், அவ்வளவுதான்.