பாபி மெக்ஃபெரின் பாடாமல் விடும் பாதி

பாஹ் 1722இல் தொகுத்த விசைப்பலகை நூலின் முதல் உருப்படியில் மெட்டு என்று தனியாக எதுவும் கிடையாது. சுரங்கள் கீழிருந்து மேலே அலையலையாக ஏறிக்கொண்டே இருக்கும். சுமார் 130 ஆண்டுகள் கழித்து குனோ என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அதன்மேல் ஒரு மெட்டைப் பொருத்தினார். தேவாலயங்களில் இன்றும் ஒலிக்கும் ‘ஆவே மரியா’க்களில் ஒன்று அப்படிப் பிறந்ததுதான். 2000இல், பாஹ் இறந்து 250 ஆண்டுகள் ஆனதை லைப்சிக் நகரச் சதுக்கத்தில் கொண்டாடியபோது அமெரிக்கப் பாடகர் பாபி மெக்ஃபெரின் ஒற்றை மைக்கோடு நின்று அந்தச் சுரக்கோவையை மட்டும் பாடினார். மெட்டைப் பாடவில்லை. அதைக் கூட்டம் எடுத்துக்கொண்டது.

பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவன் நான். பேஸ் குரல்காரர்களைச் சுருதியில் நிறுத்துவதே பெரும்பாடு என்பது எனக்குத் தெரியும். ஒத்திகை பார்க்காத கூட்டத்தை இப்படிப் பாடவைக்கிறவர் மீது எனக்குள்ள மரியாதையைச் சொல்லி முடியாது.

அமெரிக்கக் கறுப்பினக் குடும்பத்தில் 1950இல் நியூயார்க்கில் பிறந்தவர் பாபி. தந்தை ராபர்ட் மெக்ஃபெரின் பாரிடோன் குரல்காரர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் 1955 ஜனவரியில் ‘ஐடா’வில் பாடி, அந்த மேடையின் முதல் கறுப்பின ஆண் பாடகர் ஆனார். ‘போர்கி அண்ட் பெஸ்’ திரைப்படத்தில் சிட்னி பாய்ட்டியே வாயசைக்க, ஒலித்தது இவர் குரல். தாயும் பாட்டு ஆசிரியை. வீடு முழுக்கப் பாட்டு இருந்தும் மகன் கிளாரினெட்டும் பியானோவும்தான் பழகினார். பனிச்சறுக்கு நடனக் குழுவுக்குக்கூடக் கீபோர்டு வாசித்திருக்கிறார். தான் பாடகன் என்று அவர் முடிவுசெய்தது 27 வயதில்.

முடிவுசெய்த பிறகு அவசரப்படவில்லை. ஜாஸ் கலைஞர் கீத் ஜாரெட் பியானோவில் தனியாக அமர்ந்து, எந்த முன்திட்டமும் இல்லாமல் முழுக் கச்சேரியை வாசிப்பதைக் கேட்டிருந்தார். அதையே குரலில் செய்ய முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. பக்கவாத்தியம் இல்லை, உடன்பாடுகிறவர் இல்லை. பியானோவில் இரண்டு கைகள் இருக்கின்றன, தொண்டை ஒன்றுதானே?

அவர் கண்ட வழி இது. மந்தர ஸ்தாயியில் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு உடனே பொய்க்குரலில் மேலே தாவி மெட்டின் ஒரு துண்டைப் பாடுவார். மறுபடி கீழே இறங்குவார். நடுநடுவே உள்ளங்கையால் மார்பைத் தட்டுவது தாளம். மூச்சை உள்ளிழுக்கும்போதும் ஒலி எழுப்புவதால் இடைவெளியே தெரியாது. எந்தக் கணத்திலும் ஒலிப்பது ஒரே சுரம்தான். ஆனால் கீழ்ச்சுரம் நின்றபின்பும் நம் காது அதை விடாமல் பிடித்துக்கொள்கிறது; அடுத்த துண்டோடு தானே கோத்துக்கொள்கிறது. இரண்டு மூன்று பேர் பாடுவதாக நமக்குத் தோன்றுவது அதனால்தான். இப்படி ஜெர்மனியில் தன்னந்தனியாகப் பாடியதைப் பதிவுசெய்து 1984இல் வெளியிட்ட ‘தி வாய்ஸ்’, ஜாஸ் உலகம் அதுவரை கேட்டிராத இசைத்தட்டு.

உலகம் அவரை அறிந்தது வேறொன்றால். 1988இல் வந்த ‘டோன்ட் வொரி, பி ஹேப்பி’ பாட்டில் கேட்பதெல்லாம் அவர் குரலும் உடம்பும் எழுப்பும் ஒலிதான். ஆனால் அது ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தடங்களில் பதிவானது. வாத்தியமே இல்லாத பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது அதுவே முதல்முறை. அந்தத் தலைப்பு வாசகம் நம் நாட்டிலிருந்து போனது. சான் பிரான்சிஸ்கோவில் நண்பர்கள் வீட்டுச் சுவரில் ஆன்மிக குரு மெஹர் பாபாவின் படத்தோடு அதைப் பார்த்திருக்கிறார். மெஹர் பாபா 1925 முதல் 1969இல் மறையும்வரை மௌனம் காத்தவர். பேசாத ஒருவரின் வாக்கு ஊரெல்லாம் பாட்டானதை நினைக்கும்போது எனக்கு இன்னமும் சிலிர்க்கிறது.

அந்த வெற்றியை வைத்தே ஆயுள் முழுக்க ஓட்டியிருக்கலாம். பாபி அதைச் செய்யவில்லை. மேடையில் அந்தப் பாட்டைப் பாடுவதையே விட்டுவிட்டார்; லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் போன்றவர்களிடம் இசைக்குழு நடத்தப் பாடம் கேட்டார். 40ஆவது பிறந்தநாளில் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனிக்கு முன்னால் கோலேந்தி நின்றார். எடுத்துக்கொண்டது பீத்தோவனின் ஏழாம் சிம்பொனி. 1994இல் செயின்ட் பால் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவில் பொறுப்பு கிடைத்தது. புகழ்பெற்ற முகத்தைக் காட்டிச் சீட்டு விற்கும் ஏற்பாடு என்று சிலர் சொன்னார்கள். அந்தப் பேச்சை நான் ஏற்கமாட்டேன். அடுத்த ஆண்டு அந்தக் குழுவோடு வெளிவந்த ‘பேப்பர் மியூசிக்’ இசைத்தட்டைக் கேட்டால் போதும். வயலின்கள் வாசிக்க வேண்டிய வரியை இவர் குரல் வாசிக்கிறது. வாத்தியங்கள் அதோடு மூச்சுவிடுகின்றன. ‘வில்லியம் டெல்’ முன்னிசைக்கு வாத்தியங்களைக் கீழே வைக்கச் சொல்லி, குழுவினரையே வாயால் பாடவைத்ததும் உண்டு. வாசிக்கிறவர் பாடியும் பார்த்தால் அந்த வரி எங்கே மூச்சு கேட்கிறது என்பது புரிந்துவிடும். என் குழுவின் ஆர்மோனியக்காரரிடம் நான் சொல்லிக்கொண்டே இருப்பதும் இதைத்தான்.

1989இல் தந்தை ராபர்ட்டுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு பாதித்தது. பாட்டு போகவில்லை. பக்கவாதம் தாக்கியவர்களில் சிலருக்குப் பேச முடியாதபோதும் பாட முடிவதை மருத்துவர்கள் அறிவார்கள். 1993இல் செயின்ட் லூயிஸ் சிம்பொனியோடு அவர் பாடினார். குழுவை நடத்தியவர் மகன். கறுப்பின ஆண்கள் நுழைய முடியாதிருந்த ஓபரா மேடைக்கு வழிதிறந்த குரலுக்கு மகன் கையசைத்து இடம் கொடுத்த அந்த மாலையை, பாபி வாங்கிய பத்து கிராமி விருதுகளுக்கும் மேலாக நான் வைப்பேன்.

2009இல் நியூயார்க்கில் நடந்த அறிவியல் விழாவில் கூட்டத்தை வைத்து பாபி செய்துகாட்டியது லைப்சிக்கில் செய்ததைவிட எளிமையானது. மேடையில் ஓரிடத்தில் குதித்து ஒரு சுரம் பாடினார். கூட்டம் திருப்பிப் பாடியது. ஓரடி தள்ளிக் குதித்து இரண்டாவது சுரம். மூன்றாம் இடத்துக்குத் தாவியபோது வாயைத் திறக்கவில்லை. சொல்லிக்கொடுக்காத மூன்றாம் சுரத்தைக் கூட்டம் ஒன்றாகப் பாடியது. அவர் எதிர்ப்பக்கம் போகப் போக, கீழ்ச்சுரங்களும் சரியாக வந்தன. நம் காதுக்கு அந்த ஐந்து சுரங்களும் மோகனம். உலகின் எந்த ஊரில் செய்தாலும் கூட்டம் இதைப் பிடித்துக்கொள்கிறது என்றார் பாபி. போன மாதம் எங்கள் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளிடம் தரையில் சுண்ணக்கட்டியால் ஐந்து கட்டம் போட்டு முயன்றேன். மூன்றாம் சுரமான ‘க’வில் யாரும் தடுமாறவில்லை.