மூடிய கதவும் நிவாரண உதவியும்: நர்கிஸ் புயல் தரும் பாடம்

இயற்கைச் சீற்றத்தால் ஒரு நாடு அல்லலுறும்போது பிற நாடுகள் உதவ முன்வருவது இயல்பு. அவ்வுதவியைப் பற்றிப் பேசுகையில் எவ்வளவு தரப்பட்டது என்பதையே பெரும்பாலும் கணக்கிடுகிறோம். ஆனால் துயருற்றவர்க்கு முக்கியமானவை வேறு: அது யார் வழியாக வந்தது? எத்தனை நாளில் வந்தது? இடையில் எவ்வளவு குறைந்தது? வெளியாரை ஐயத்துடன் நோக்கும் அரசு உள்ள நாட்டில் இக்கேள்விகள் உயிர்ப் பிரச்சினையாகிவிடுகின்றன. 2008-ஆம் ஆண்டு மியன்மாரைத் தாக்கிய நர்கிஸ் புயல் இதற்குத் தக்க சான்றாகும்.

பேரழிவின் அளவு

2008 மே 2-ஆம் நாள் நர்கிஸ், ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் கரையைக் கடந்தது. அந்நாட்டின் நெற்களஞ்சியமான அத்தாழ்நிலத்தில் கடல்நீர் ஏறத்தாழ 12 அடி உயரத்திற்குப் பொங்கிப் புகுந்தது. அரசுக் கணக்குப்படி இறந்தோர் 84,537 பேர்; காணாமற்போனோர் 53,836 பேர். பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 24 லட்சம். வங்கக் கடற்புயல்களைக் கண்காணிக்கும் இந்திய வானிலைத் துறை முன்னெச்சரிக்கை அனுப்பியிருந்தது. எனினும் கழிமுகக் கிராம மக்கள் ஒதுங்குவதற்குப் போதிய புயல் காப்பிடங்கள் இல்லை.

தடைப்பட்ட உதவி

அப்போது ஆட்சியிலிருந்த இராணுவக் குழு, புதிய அரசியல் சட்டத்திற்கான பொது வாக்கெடுப்பை மே 10-ஆம் நாள் நடத்தத் திட்டமிட்டிருந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் மட்டும் அது மே 24-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஏனைய பகுதிகளில் குறித்த நாளிலேயே நடைபெற்றது. பொருள்களை ஏற்கிறோம், ஆட்களை ஏற்க இயலாது என்பதே அரசின் நிலையாக இருந்தது. வெளிநாட்டு நிவாரணப் பணியாளர்களுக்கு விசா தாமதமாயிற்று. விசா பெற்றவர்களும் யாங்கூனைத் தாண்டிக் கழிமுகத்திற்குள் செல்லத் தடை இருந்தது. உலக உணவுத் திட்டத்தின் விமானங்களில் வந்த உணவும் கருவிகளும் கைப்பற்றப்பட்டதால், அந்நிறுவனம் மே 9-ஆம் நாள் தன் விமானங்களைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கவும் நேர்ந்தது.

இந்தியாவின் உதவியோ விரைவில் சென்றடைந்தது. ராணா, கிர்பான் ஆகிய கடற்படைக் கப்பல்கள் போர்ட் பிளேரிலிருந்து நிவாரணப் பொருள்களுடன் சென்றன, விமானப்படையும் தொடர்ந்தது. அண்டை நாடு என்ற நெருக்கமும் நல்லுறவும் இதற்குத் துணைசெய்தன. அதே வேளையில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் வாரக்கணக்கில் கடலில் காத்திருந்துவிட்டு, ஜூன் தொடக்கத்தில் கரையை அணுகாமலே திரும்பின. பிரெஞ்சுக் கப்பலின் சரக்கு தாய்லாந்தில் இறக்கப்பட்டு உலக உணவுத் திட்டத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இசைவா, வலுக்கட்டாயமா?

பாதிக்கப்பட்ட நாட்டின் இசைவுடனேயே உதவி வழங்கப்பட வேண்டும் என்பது 1991-இல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 46/182-ஆம் தீர்மானத்தின் கோட்பாடு. அனுமதியின்றியே உதவியை உட்செலுத்தலாம் என்ற கருத்தைப் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பெர்னார் குஷ்னே எழுப்பினார், அது ஏற்கப்படவில்லை. வெளி உதவியை மறுப்பது அனைத்தும் கொடுமை எனக் கொள்வதும் தவறு. 2004 ஆழிப்பேரலையின்போது இந்தியாவும் தன் நிலப்பகுதிக்கு அயல்நாட்டு அரசுகளின் நிவாரண உதவி தேவையில்லை என்று கூறியது. ஆனால் அவ்வாறு கூறும் அரசு, அந்தப் பணியைத் தானே நிறைவேற்றும் ஆற்றலும் மனமும் உடையதாக இருத்தல் வேண்டும். மியன்மாரில் குறைவுபட்டது இதுவே.

ஆசியான் வகுத்த வழி

மே 19-ஆம் நாள் சிங்கப்பூரில் கூடிய ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள், தம் அமைப்பின் வழியாக உதவியை ஒருங்கிணைக்க முடிவு செய்தனர். மே 23-இல் ஐ.நா. தலைமைச் செயலாளர் பான் கி மூன் ஆட்சித் தலைவர் தான் ஷ்வேயைச் சந்தித்தபின், பணியாளர்களை அனுமதிக்க அரசு இசைந்தது. மியன்மார் அரசு, ஆசியான், ஐ.நா. ஆகியவற்றின் சார்பில் தலா மூவர் கொண்ட முத்தரப்புக் குழு அமைந்தது. அரசுக்குத் தன் வட்டார நாடுகளிடம் அச்சமில்லை, நன்கொடையாளர்களுக்கோ ஐ.நா.வின் கணக்கில் நம்பிக்கை. இவ்விரண்டையும் ஒரே மேசையில் இணைத்ததே இக்குழுவின் சிறப்பு. 2008 ஜூலையில் வெளியான கூட்டு மதிப்பீடு, சேதமும் இழப்பும் 400 கோடி டாலருக்கு மேல் எனக் கணித்தது. அஞ்சப்பட்ட இரண்டாவது மரண அலை எழவில்லை. எனினும் இந்த வாயில் திறக்க மூன்று வாரங்கள் கடந்துவிட்டன.

வழியில் கரைந்த பணம்

பொருளாதார மாணவர் கவனிக்க வேண்டிய கூறு ஒன்றுண்டு. உதவியாகக் கொண்டுவரப்பட்ட டாலரை அரசு வெளியிட்ட அன்னியச் செலாவணிச் சான்றிதழாக மாற்றி, அதன் பின்னரே உள்நாட்டு நாணயமான சாட்டைப் பெற வேண்டியிருந்தது. சான்றிதழின் மதிப்பு சந்தையில் டாலரைவிடக் குறைவு. ஒரு கட்டத்தில் ஏறத்தாழ கால் பங்கு இழப்பு. ஐ.நா. நிறுவனங்களுக்கு மட்டும் ஏறத்தாழ 1 கோடி டாலர் இழப்பு நேர்ந்ததென 2008 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. இது களவு அன்று, மாற்று விகிதத்தின் விளைவே; ஆயினும் பசித்தவனின் பங்கு குறைந்தது என்பதில் ஐயமில்லை.

உள்நாட்டார் தொண்டு

முதல் நாள்களில் கழிமுகத்தை எட்டியவர்களுள் பெரும் பங்கினர் அந்நாட்டு மக்களே. புத்த மடங்களும் தேவாலயங்களும் வணிகர்களும் லாரிகளிலும் படகுகளிலும் அரிசி கொண்டு சென்றனர். இத்தொண்டும் ஆபத்தின்றி இல்லை. நிவாரணம் திரட்டியதோடு அரசின் மெத்தனத்தை அயல்நாட்டுச் செய்தியாளர்களிடம் எடுத்துரைத்த நகைச்சுவை நடிகர் சர்கனார் 2008 ஜூனில் கைதாகி, நீண்ட சிறைத்தண்டனை பெற்றார். 2011 அக்டோபரிலேயே விடுதலையானார்.

படிப்பினைகள்

கொடிய ஆட்சிக்குத் துணைபோகுமே என அஞ்சி உதவியை நிறுத்தினால், தண்டனை பெறுவோர் ஆட்சியாளர் அல்லர், வெள்ளத்தில் நிற்பவரே. ஆகவே உதவ வேண்டும். ஆனால் வழியை ஆராய்ந்து உதவ வேண்டும். அரசும் கொடையாளரும் ஒருங்கே நம்பும் இடைநிலை அமைப்பு, நாணய மாற்று இழப்பை முன்கூட்டியே பேசித் தீர்த்தல், உள்நாட்டுத் தொண்டர்களின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் இன்றியமையாதவை.

இவை ஒருமுறை கிட்டினால் என்றும் நிலைக்கும் என்பதற்கில்லை. முத்தரப்புக் குழு 2010-இல் முடிவுற்றது. 2021-இல் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது. 2023 மே மாதம் மோக்கா புயல் ராக்கைன் மாநிலத்தைத் தாக்கியபின், நிவாரணப் பணியாளர்களின் பயண அனுமதிகள் ஜூனில் நிறுத்தப்பட்டன. புயல் வந்தபின் வாயிலைத் தட்டுவதைவிட, அமைதிக் காலத்திலேயே உடன்பாடு செய்துகொள்வது அறிவுடைமையாகும்.