உஷார்! சித்திரை வெயிலில் கண்ணை மூடிக்கொள்ளும் அலாரம்

சில ஆயிரம் ரூபாய்க்கு அலாரம் 'கிட்' ஒன்றை ஆன்லைனில் வாங்கி மாட்டிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் கிளம்பும் அம்மாபேட்டைக்காரர்களே, உஷார்! அந்தப் பெட்டி நீங்கள் நம்பும் நேரத்தில் வாயைத் திறக்காமலே போகலாம்.

2019 அக்டோபரில் திருச்சியிலும் 2021 டிசம்பரில் வேலூரிலும் பெரிய நகைக்கடைகளுக்குள் புகுந்தவர்கள் கதவுப் பக்கமே போகவில்லை. சுவரில் துளை போட்டுத்தான் நுழைந்தார்கள். கிட்டில் வரும் மேக்னட் சென்சாரோ கதவு திறந்தால் மட்டுமே கத்தும். சுவரைத் துளைத்தோ கூரை ஓட்டைப் பிரித்தோ நுழைபவனை அது கண்டுகொள்ளாது. அதனால் பீரோ இருக்கும் அறைக்குள் ஒரு மோஷன் சென்சார் கட்டாயம் வேண்டும்.

அதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. சாதாரண அகச்சிவப்பு மோஷன் சென்சார் மனித உடம்பின் சூட்டுக்கும் சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் ஆள் நடமாட்டத்தை அறிகிறது. சித்திரை, வைகாசியில் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீட்டுக்குள்ளும் தகரக் கொட்டகைக்குள்ளும் சூடு 36, 37 டிகிரியைத் தொடும்போது அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும். ஆள் எதிரே நடந்தாலும் சென்சார் சும்மா இருக்கக்கூடும். நம் ஊருக்கு ஏற்றது, அகச்சிவப்போடு மைக்ரோவேவும் சேர்ந்த 'டூயல்' வகை. ஆனால் அதிலும் இரண்டும் சேர்ந்து உறுதி செய்தால்தான் கத்தும் மாடல்கள் உண்டு. வெப்பநிலைக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வசதி இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். மாட்டியபின் உச்சி வெயிலில் கதவு ஜன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்தி, அறைக்குள் நடந்து பாருங்கள். கத்தவில்லையென்றால் அது உங்களுக்கு உதவாது.

தறி ஓடும் வீடுகளில் அதிர்வு சென்சார் வேண்டவே வேண்டாம். விசைத்தறி அதிர்விலேயே அது அலறும். நாலு நாள் வீணாக அலறினால் நீங்களே அணைத்து வைத்துவிடுவீர்கள். பக்கத்து வீட்டாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். மோஷன் சென்சாரின் லென்ஸில் படியும் பஞ்சுத் தூசியையும் அவ்வப்போது துடையுங்கள். பல்லி ஊர்ந்தாலும் சிலந்தி கூடு கட்டினாலும் பொய் அலாரம் வரும்.

அடுத்தது, அலாரம் அடித்ததும் உங்கள் போனுக்கு அழைக்கும் டயலரில் போடும் சிம் கார்டு. மலிவான டயலர்கள் பல 2ஜியில் மட்டுமே வேலை செய்யும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்த சிம்மைப் போட்டால் ஒரு அழைப்பும் போகாது. வேறு கம்பெனி சிம் என்றாலும் ரீசார்ஜ் முடிந்துபோனால் அவ்வளவுதான். 4ஜி டயலராக வாங்கி, ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

வைஃபையை மட்டும் நம்பும் அலாரம் இன்னும் மோசம். நம் வீடுகளில் மீட்டர் பெட்டி பெரும்பாலும் வெளித்திண்ணையில்தான் இருக்கிறது. ஃபியூஸைப் பிடுங்கினால் ரவுட்டர் அணைந்துவிடும், அலாரமும் ஊமையாகிவிடும். அலாரம் பேனலுக்குள் தனி பேட்டரி இருக்க வேண்டும். வெயிலில் பேட்டரி சீக்கிரம் பலமிழக்கும் என்பதால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ரிமோட் வாங்கும்போது 'ரோலிங் கோட்' உள்ளதா என்று பாருங்கள். ஒரே குறியீட்டை அனுப்பும் ரிமோட்டை எளிதில் நகலெடுத்துவிடலாம்.

கேமரா இருக்கிறதே என்று அசந்துவிடாதீர்கள். 2023 பிப்ரவரியில் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரே இரவில் நான்கு ஏடிஎம்களை கேஸ் கட்டரால் அறுத்த கும்பல், கேமராவுக்கும் சேர்த்தே தீ வைத்துவிட்டுப் போனது. கேமராவின் பதிவுப் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைக்காமல் மறைவான இடத்தில் பூட்டி வையுங்கள்.

சத்தம் போடும் ஹூட்டர் ஒன்று போதாது. ஆடித் திருவிழாவில் வண்டி வேடிக்கை நடக்கும் இரவில், ஸ்பீக்கருக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவே அது யார் காதில் விழும்? வீட்டுக்குள் ஒன்று, கை எட்டாத உயரத்தில் வெளியே ஒன்று மாட்டுங்கள். டயலரில் உங்கள் எண்ணோடு உள்ளூரில் இருக்கும் இரண்டு பேரின் எண்ணையும் சேருங்கள்.

இன்றைக்கே மெயினை அணைத்து, அலாரத்தைப் போட்டுவிட்டு, வீட்டில் ஒருவரை உள்ளே நடக்கச் சொல்லுங்கள். உங்கள் போன் அடிக்க வேண்டும், தெருவுக்குச் சத்தம் கேட்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும், அதைச் சரிசெய்யும்வரை வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகாதீர்கள். போயே ஆகவேண்டுமென்றால் நகையை வங்கி லாக்கரில் வைத்து, காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.